குளியலறையில் இருந்த சீனியர் வக்கீல் தொடர்பாக

மதிப்புக்குரிய வார இதழ் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள் ஆபீசில் இருப்பவர்களும் சௌக்கியம் என்றே எடுத்துக்கொள்கிறேன், புதன்கிழமை தவறாமல் இதழ் வந்துவிடுகிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள். என் பேத்தி வக்கீல். எங்கள் குடும்பத்தில் கோர்ட்டு வாசலை மிதித்தவர்கள் இதற்கு முன்னால் இருவர், இரண்டு பேருமே குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள். ஆகவே அவளைப் பற்றி நான் நாலு பேரிடம் பேசுவதைப் பெருமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, தகவல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் இதழில் வருகிற வக்கீல் தொடர்கதையை முதல் வாரத்திலிருந்து படிக்கிறேன். அதில் வரும் வக்கீல் பெண்ணின் காருக்குப் பிரேக்கைப் பிடுங்குகிறார்கள், மாடியிலிருந்து பூந்தொட்டியைத் தள்ளுகிறார்கள், லிப்டில் பூட்டுகிறார்கள். அத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் ஒரு தடவைகூட வாய்தா வாங்கவில்லை. என் பேத்திக்குக் கார் இல்லை, பஸ்ஸில்தான் போகிறாள். மூன்று வருடமாக அவள் கோர்ட்டில் எழுந்து நின்று பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "சீனியர் பக்கத்து கோர்ட்ல இருக்கார், கொஞ்சம் தள்ளி வைக்கணும்." கேஸுக்கு வேண்டியதையெல்லாம் அவள் எழுதுவாள், சீனியர் வந்து அதைப் படிப்பார், எல்லாரும் அவரைப் பாராட்டுவார்கள். அவர்கள் தொழிலில் அதுதான் முறையாம். இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினாலாவது அத்தியாயத்தில் தங்கள் எழுத்தாளர் என்ன எழுதினார் என்பது தங்களுக்கே தெரியும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் ஒரு ஃபைல் சகிதம் ஒரு ஆள் வக்கீல் வீட்டுக் கதவைத் தட்டி, மரியாதையாகப் பேசி, கை கழுவ வேண்டும் என்று உள்ளே நுழைகிறான். அவன்தான் கொலைகாரன். அங்கேயே தொடரும் போட்டுவிட்டீர்கள். மறுநாள் வியாழக்கிழமை காலை ஒன்பது மணி, பேத்தி கிளம்பிப் போய்விட்டாள், வீட்டில் நான் மட்டும். கதவு தட்டும் சத்தம். திறந்தால் வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கையில் ஃபைல். "அம்மா, வக்கீலம்மா எழுதி வெச்ச நோட்ஸை வாங்கிட்டுப் போக வந்தேன், அப்படியே கொஞ்சம் கை கழுவிக்கலாமா?" என்றார். கோட்டையும் போனையும் நாற்காலியில் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனார். நான் வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். ஐயா, தாங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

"அம்மா, கதவு மாட்டிக்கிச்சு போலிருக்கே."

"மாட்டிக்கலை தம்பி, நான்தான் தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

"நான் உங்க பேத்தியோட சீனியர்ம்மா."

"பதினாலாவது அத்தியாயத்துல வந்தவனும் அப்படித்தான் ஏதோ சொன்னான்."

"பதினோரு மணிக்கு என் கேஸைக் கூப்பிடுவாங்கம்மா. டெய்லரோட கடைக் கேஸ்."

"தெரியும். ஸ்டூல் இருக்கு, உட்காருங்க."

போன் ஏழு தடவை அடித்தது. அடுத்தவர் போனை எடுப்பது மரியாதை இல்லை என்பதால் நான் எடுக்கவில்லை. பத்தரைக்குக் கத்துவதை நிறுத்திவிட்டுப் படிக்க ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். பழைய இதழ்களை அப்படியே கொடுத்தால் கதவிடுக்கில் நுழையாது, ஆகவே தொடரை மட்டும் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறாவது அத்தியாயம் எங்கம்மா? அஞ்சுக்கு அப்புறம் ஏழு வந்திருக்கு" என்றார். தேடிக் கொடுத்தேன்.

கோர்ட்டில் நடந்ததை அந்த டெய்லரே மத்தியானம் வந்து சொன்னார். இருபது வருடமாகத் தைத்த கடையை, கூரை இடிந்து விழப்போகிறது, காலி பண்ணு என்கிறார் கட்டட உரிமையாளர். அதுதான் கேஸ். பேத்தி எழுந்து தன் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து கோர்ட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தால் சீனியர் அங்கே இல்லை. "இனி வாய்தா கிடையாதும்மா, இப்போ பேசினா பேசுங்க, இல்லைன்னா கடையைக் காலி பண்ணச் சொல்லிடுவேன்" என்றிருக்கிறார் ஜட்ஜ். எழுதியதெல்லாம் அவள் மண்டைக்குள் இருந்தது. நாற்பது நிமிடம் பேசியிருக்கிறாள். இடியப்போகிற கூரை என்றால் போன மாதம் அதன் மேலேயே இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி எப்படி வைத்தார் என்று கேட்டு போட்டோவை நீட்டினாளாம். உரிமையாளர் தன் வக்கீல் முகத்தைப் பார்த்தார், அந்த வக்கீல் கூரையைப் பார்த்தார் என்றார் டெய்லர். கடை அவருக்கே நின்றுவிட்டது.

இப்போது சிக்கல் என்னவென்றால், ஒரு மணிக்கு நான் கதவைத் திறந்தபோது சீனியர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். சாயங்காலம் பேத்தியிடம், "உங்க பாட்டிக்கு நிஜமாவே என்னைத் தெரியலையா, இல்லை நீ சொல்லிச் செஞ்சாங்களா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டாவது என்று அவர் முடிவு பண்ணிவிட்டால் அவள் வேறு ஆபீஸ் பார்க்க வேண்டியதுதான். அவளோ இது எதுவுமே தெரியாதவள். ஆகவே இந்தக் கடிதத்தைத் தாங்கள் அவசியம் வெளியிட வேண்டும். கொலைகாரனுக்கும் சீனியருக்கும் ஒரே உடுப்பை மாட்டிவிட்டது தங்கள் எழுத்தாளர் செய்த தவறு. வயதானவள் அதைப் பார்த்துப் பயந்துபோனாள், அவ்வளவுதான் நடந்தது. இனிமேல் கொலைகாரனுக்கு வேறு கலர் சட்டை போடச் சொல்லவும்.

தங்கள் எழுத்தாளருக்கும், அச்சுக் கோக்கிறவர்களுக்கும், புதன்கிழமை இதழ் கொண்டுவந்து போடுகிறவருக்கும் என் ஆசீர்வாதம். எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வக்கீலின் பாட்டி

பின்குறிப்பு: இதை மட்டும் அச்சில் போட வேண்டாம். பேத்தி வக்கீலாகப் பதிவு செய்துகொண்ட அன்று ஆபீசில் எடுத்த போட்டோ எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் சீனியர் நடுவில் நிற்கிறார், இவள் ஓரத்தில் பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறாள். மூன்று வருடமாகத் தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது நான்தான்.