பார்கவி வால்வெள்ளிப் படையொடு பொருத படலம்

கோவையிலிருந்து புறப்பட்டுப் புனே மாநகரம் புகுந்து கோந்த்வாவின் ஆறாம் மாடியில் கொடியேற்றியவளும், ஒரே மனிதனை நான்கு பெயரிட்டு அழைக்கும் உருசிய நாவல்களைத் தமிழாக்கத்தில் நீந்தி மறுகரை கண்டவளும், ஐஸ்லாந்து மீனவர்களின் தடித்த துயரை ஒரே மழைக்காலத்தில் உறிஞ்சிக் குடித்தவளும், தொடங்கிய எந்தப் புத்தகத்தையும் பாதியில் போட்டு ஓடியறியாத பெருமகளுமாகிய பார்கவி வாழ்க! அவளது மூக்குக்கண்ணாடி வாழ்க! அதைத் துடைத்துத் துடைத்து நைந்துபோன துப்பட்டாவின் முனையும் வாழ்க!

சொல்லுக்கு உரிய தாயே, இந்தப் பெரும்போரைப் பாடத் துணை செய். ஆனால் இம்முறை நீ தனியே வந்தால் போதாது. சித்திரத்துக்கென்று ஒரு தேவதை எங்கேனும் இருந்தால் அவளையும் கையோடு அழைத்து வா. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

போர் மூண்ட காரணம் கேளீர். காலைதோறும் கோந்த்வாவிலிருந்து ஹிஞ்சேவாடியின் மென்பொருள் கோட்டைகளை நோக்கி, சலீம் என்னும் சாரதி செலுத்த, நிறுவனத்தின் வெள்ளைத் தேர் ஒன்று புறப்படும். அதில் முன்னமே ஏறி அமர்ந்திருப்பவன் ஹரீஷ். மூன்று தலைமுறையாகப் புனேவில் வேர் பிடித்த தமிழ்க் குடும்பத்தின் கடைக்குட்டி. தமிழில் கிளம்பி, இந்தியில் திரும்பி, மராத்தியில் போய் நிற்கும் தன் வாக்கியங்களுக்குத் தானே கூச்சப்பட்டு, பெரும்பாலும் பேசாமலே இருந்துவிடுபவன். பார்கவி ஏறுவதற்குள் அவளது ஜன்னலில் வெயில் படாதபடி திரை இழுத்து விடப்பட்டிருக்கும். திரை அப்படி இருப்பதுதான் அத்தேரின் இயல்பு என்று பார்கவி நம்பியிருந்தாள். கண்ணெதிரே இருந்த நார்வே நாட்டுப் பனிப்பொழிவிலிருந்து அவள் தலை நிமிர்ந்தால்தானே!

அத்தகைய மௌனி ஒரு திங்கட்கிழமை வாய் திறந்தான்.

"வீட்ட பிம்ப்ரிக்கு மாத்தறோம். அடுத்த வாரத்துலேர்ந்து எனக்கு வேற கேப்."

இதைக் கேட்ட கணத்தில், நார்வேயில் பனி நின்றது. பார்கவியின் நெஞ்சில், அதுவரை அவளே அறியாதிருந்த ஏதோ ஒரு சிற்றூரில், ஒரு விளக்கு அணைந்தாற்போல் இருந்தது.

அவன் பையிலிருந்து செங்கல் கனத்தில் ஒரு நூலை எடுத்து நீட்டினான். "இது படி. ஸ்கூல் டேஸ்லேர்ந்து என்கூடவே இருக்கு. மத்லப்… இது புரிஞ்சா, என்னைக் கொஞ்சம் புரியும். ஃப்ரைடே சொல்லு, எப்படி இருக்குன்னு."

அந்தோ! அது நாவல் அன்று. 'வால்வெள்ளிப் படை' என்னும் பறக்கும் வீரர் குழுவின் சித்திரக்கதை. பார்கவியின் தந்தை பிறக்கும் முன்னரே தொடங்கி, அவர் மணம் முடித்து, வழுக்கை விழுந்து, பணி ஓய்வு பெற்ற பின்னும் இன்னமும் முடியாத கதை.

பார்கவி களம் புகுந்தாள். புகுந்தவளை வால்வெள்ளிப் படை எதிர்கொண்ட விதத்தை எவ்வாறு உரைப்பேன்! ஆடி மாதத்துக் கார்மேகம்போல் வீரர்கள் திரண்டு வந்தனர். இரும்புத்தாடை என்பவன் வீரமரணம் எய்தினான். அவனுக்காக அழ அவள் கண்ணீரைத் திரட்டி முடிப்பதற்குள், அடுத்த பக்கத்தில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தான். பனிமூச்சுக்காரி தன் மகளையே எதிர்காலத்தில் சந்தித்தாள். மகள் தாயைவிட மூத்தவளாக இருந்தாள். யாரேனும் யாரையேனும் ஏன் வெறுக்கிறார்கள் என்று கேட்க நினைத்தால், கட்டத்தின் அடியில் ஓர் எறும்பெழுத்துக் குறிப்பு, நெடுங்காலத்துக்கு முன் வெளிவந்த வேறோர் இதழைப் பார்க்கும்படி ஆணையிட்டு நகர்ந்தது. 'த்வாம்' என்றொரு பெயர் அடிக்கடி பெரிய எழுத்தில் வரக் கண்டு, இவன்தான் கதையின் மர்ம நாயகன், பிரெஞ்சுக்காரனாக இருக்கக்கூடும் என்று வெகுநேரம் எண்ணியிருந்தாள். பிறகே அது கதவு உடையும் ஓசை என்று தெளிந்தாள்.

எனினும் அவள் தளர்ந்தாளா? இல்லை. ஒரு சொல்லையும் விடாமல், மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக, பேச்சுக் குமிழ்களையெல்லாம் நெற்கதிர் அறுப்பவள்போல் அறுத்துக் குவித்தபடி முன்னேறினாள். குமிழுக்குக் குமிழ் தாவிய அவள் விழிகள் இடையில் எங்கும் இளைப்பாறவில்லை. நல்ல வாசகிக்குச் சொல்தானே சோறு!

சோற்றுக்குக் கூப்பிட வந்த தாய் சரசா, மகளின் போர்க்கோலம் கண்டு திகைத்தாள்.

"ஏங்கண்ணு, பொம்ம புஸ்தகந்தானே அது? பரீட்சைக்குப் படிக்கறாப்ல மூஞ்சிய வெச்சுட்டு உக்காந்திருக்கறே?"

"பேசாம இரும்மா. இதுல யாரு யாருக்குப் புருஷன்னே தெரியல."

"பொம்மையப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது" என்று சொல்லிவிட்டு அவ்வம்மை ரசத்தை இறக்கப் போனாள். போர்க்களத்தில் வந்து விழுந்த அந்தத் தெய்வ வாக்கு, முரசொலியில் மூழ்கிப் போயிற்று.

வியாழனன்று நூல் முடிந்தது. கடைசி அட்டையை மூடிய பார்கவி தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை. அத்தனை பேர் வந்து, பறந்து, மாண்டு, மீண்டு எழுந்தும், ஒருவர்கூட அவளிடம் தங்கவில்லை. பிடித்தது என்று பொய் உரைக்கலாம். ஆனால் புத்தகத்தைப் பற்றிப் பொய் சொல்வது அவள் குலத்திலேயே இல்லை. பிடிக்கவில்லை என்று மெய் உரைக்கலாம். உரைத்தால், 'உன்னையும் எனக்குப் புரியவில்லை' என்று உரைத்ததாகும். அப்போது அவள் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று, பல்துலக்கியை வாளென உயர்த்திச் சூளுரைத்தாள்:

"நாளை நம் தேர் வாக்கட் மேம்பாலத்தைக் கடக்குமுன், இப்படையில் ஒருவரையேனும் நேசித்தே தீருவேன்!"

வெள்ளி விடிந்தது. நவலே பாலத்தருகே பேருந்துகள் மதயானைகள்போல் பிளிற, சாந்தினி சௌக்கில் இருசக்கரப் படைகள் இருபுறமும் சூழ, தேர் ஊர்ந்து ஊர்ந்து வாக்கட்டை நெருங்கி, அங்கே மலையெனச் சமைந்து நின்றது. ஹரீஷ் தொண்டையைச் செருமினான்.

"முடிச்சியா?"

"முடிச்சேன். ஒரு வார்த்தை விடல."

"யாரைப் பிடிச்சுது?"

"அந்த இரும்புத்தாடை ஏன் இப்படிக் கத்தறான்? செத்தான்னு அழுகலாம்னு பாத்தா, வந்து டீ குடிக்கறான்."

"அரே, அவனை விடு. அவன் எப்பவும் அப்படித்தான்." ஹரீஷ் சிரித்தான், பிறகு குரல் இறங்கிற்று. "சாம்பல் அங்கி?"

"யாரு?"

"சாம்பல் அங்கி. எல்லாப் பக்கத்துலயும் இருக்கானே."

பார்கவி தன் நினைவின் சேனை முழுவதையும் அணிவகுக்க வைத்துத் தேடினாள். அப்பெயரில் ஒருவனும் இல்லை. "அவன் என்ன பேசறான்?"

"ஒண்ணும் பேசமாட்டான். முதல்லேர்ந்தே பேசறதில்ல."

"பேசாதவனை நான் எப்படிப் படிக்கறது?"

ஹரீஷ் அவளை உற்று நோக்கினான். உண்மை மெல்ல உதித்தது. "நீ… படத்தைப் பாக்கவே இல்லையா?"

பிறகு தாங்கமாட்டாமல் அவன் அதை இந்தியில் சலீமுக்கு எடுத்துரைக்க, சலீம் ஸ்டியரிங் சக்கரத்தின் மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, "க்யா மேடம், பன்னுக்கு நடுவுல இருக்கற சட்னியை மட்டும் நக்கிட்டு வடாபாவைத் தூக்கிப் போட்டுட்டீங்களே" என்ற பொருள்பட மொழிந்தான். பின்னால் நின்ற வாகனங்களும் ஹாரன் ஒலித்து அதை ஆமோதித்தன.

நாணத்தால் செந்தாமரையென முகம் சிவந்த பார்கவி, நூலை மடியில் விரித்தாள். வாழ்வில் முதன்முறையாகச் சொற்களைக் கைவிட்டுப் படங்களைப் பார்த்தாள். ஆ! அவன் இருந்தான். இரும்புத்தாடை முழங்கிய பக்கத்தின் மூலையில், சரியும் உத்தரத்தைத் தோளில் ஏந்தி, ஒரு குடும்பம் வெளியேறும்வரை நின்றிருந்தான். வெற்றி விருந்து நடந்த பக்கத்தில், வாசலுக்கு வெளியே, மழையில் ஒரு நாய்க்குக் குடை பிடித்திருந்தான். பாலைவனத்தில் பனிமூச்சுக்காரி மயங்கிக் கிடந்து எல்லோரும் கூடி வாதிட்ட பக்கத்தில், அவர்களுக்குப் பின்னால் நின்று, தன் அங்கியை விரித்து அவள் முகத்துக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அந்நேரம் தேர் நகர்ந்தது. பாலத்தின் வளைவில் திரும்பியதும், காலை வெயில் பார்கவியின் கண்ணில் வேலெனப் பாய்ந்தது. அவள் முகம் சுளிக்குமுன் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு, விலகிக் கிடந்த ஜன்னல் திரையை இழுத்து விட்டது. பார்கவி திரையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். கைக்கு உரியவனையும் பார்த்தாள்.

"முடிச்சேன்னு சொன்னது பொய்" என்றாள். "இனிமேத்தான் படிக்கணும்."

"வெச்சுக்கோ. ஜல்தி இல்ல." அவன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "முடிச்சிட்டு பிம்ப்ரி வந்து குடு."

விண்ணவர் பூமாரி பொழிந்தனர். பேருந்துகள் பிளிறி வாழ்த்தின. முடிவில்லா நெடுங்கதையின் வீரர் அனைவரும், மாண்டவரும் மீண்டவரும், வாளும் வாலும் தாழ்த்தி வழிவிட்டு நிற்க, சாம்பல் அங்கியோன் மட்டும் எவர் கண்ணிலும் படாது ஓரமாய் நிற்க, வாக்கட் மேம்பாலம் கடந்த வெற்றித்திருமகள் பார்கவி, நூலைத் திருப்பித் தரும் பொருட்டு, அடுத்து வந்த ஞாயிறன்று தன்னிடமுள்ள ஆடைகளிலெல்லாம் சிறந்ததை அணிந்து, ஸ்வார்கேட்டில் மெட்ரோ ரதமேறி, வடதிசையிலுள்ள பிம்ப்ரி நோக்கி எழுந்தருளினாள்.

புத்தகத்தை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள்.