கொதிகலனைக் காப்பாற்றியவர்

மின்வெட்டு வீரர் என்றொரு இனம் உண்டு, வாசகரே. எங்கள் பின்லாந்தில் பனிப் பாரம் தாங்காமல் பைன் மரங்கள் மின்கம்பியில் சாயும் ஊர்களில் எல்லாம் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் ஊரில் அவர் பெயர் ஓஸ்மோ.

பனி கொட்டப் போவதுபோல் வானம் லேசாக வெளுத்தால் போதும், நிலவறைக்கு இறங்கிவிடுவார். வீட்டைச் சூடாக்கும் கொதிகலனைத் தடவிப் பார்ப்பார், பம்பில் காதை வைத்துக் கேட்பார், ஜெனரேட்டரை ஒரு முறை உறுமவிட்டு அணைப்பார், மேலே வந்து, "கரண்ட் போகட்டும், அப்புறம் தெரியும் நான் யாருன்னு" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வார். கரண்ட் போகாத நாட்களில் முகம் வாடிவிடும்.

ஜெனரேட்டருக்குத் துணையாக வாங்கிக் குவித்த பேட்டரிகளுக்கு இடம் வேண்டாமா? வீட்டில் ஈரம் படாமல் வைக்கத் தோதான அறை, வியர்வைக் குளியலுக்கான சவுனா ஒன்றுதான். அதன் விறகடுப்பைப் பிடுங்கி முற்றத்தில் போட்டுவிட்டு, குடும்பம் வியர்க்க வியர்க்க உட்காரும் பலகைகளில் பேட்டரிகளை உட்கார வைத்தார். சவுனாவைக் கோயில்போல் வைத்திருக்கும் எங்கள் நாட்டில் இப்படிச் செய்தவனை யாரும் திட்டமாட்டார்கள், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். நாங்களும் விசாரித்தோம்.

போன சனிக்கிழமை மரம் விழுந்தது. அவர் மனைவி ரைலி நெஞ்சுச் சளியோடு இருமிக்கொண்டிருந்தார். ஓஸ்மோ முகத்தில் கல்யாணக் களை.

ஏற்பாடு பிசகவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனரேட்டர் ஓடியது. அதன் மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்குவதை, கொதிகலனுக்கு அவர் மாட்டியிருந்த பாதுகாப்புக் கருவி கண்டுபிடித்தது. கொதிகலனுக்கு ஆபத்து என்று தீர்மானித்து, கொதிகலனையே நிறுத்திவிட்டது.

"அந்தக் கருவியைக் கழட்டிட்டு ஓட விடுங்களேன். பல்லு கிட்டுது" என்றார் ரைலி.

"கழட்டறதா? கொதிகலன் கெட்டுப்போனா?"

"நான் கெட்டுப்போனா?"

"உனக்குக் கம்பளி இருக்கு. அதுக்கு என்ன இருக்கு?"

பக்கத்து வீட்டுக் கெர்ட்டு வந்து கதவைத் தட்டினார். "ரைலி, எங்க சவுனா அடுப்பு தகதகன்னு எரியுது, ஊரே அங்கதான். துண்டை எடுத்துட்டு வாடி. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, பேட்டரி வேணாம்."

ரைலி போனார். ஓஸ்மோவுக்குக் காவல் வேலை இருந்தது. குழாய்கள் உறைந்து வெடித்துவிடக் கூடாதே என்று கொதிகலனின் சூட்டை அறைகளுக்குக் கொண்டுபோகும் ரேடியேட்டர்களில் இருந்த தண்ணீரையெல்லாம் வடித்தார், மிஞ்சிய கம்பளியைப் பம்புக்குப் போர்த்தினார்.

மறுநாள் மின்சாரம் வந்தது. எல்லார் வீடும் சூடேறியது, அவர் வீட்டைத் தவிர. சூடாக்கக் குழாயில் தண்ணீர் இல்லையே! கெர்ட்டு வீட்டுச் சமையலறையில் நாங்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ரைலியின் போன் அடித்தது.

"ரைலி, கொதிகலன் தப்பிச்சிடுச்சு! ஒரு கீறல் இல்ல. வீட்டுக்கு வா."

"நானும் தப்பிச்சுட்டேங்க. இங்கயே இருக்கேன்."

போனை வைத்துவிட்டு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்தது.

சிரிக்கிறீர்கள். சரி. போன முறை உங்கள் வீட்டில் கரண்ட் போனதும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு முதலில் எங்கே ஓடினீர்கள்? ஆள் இருந்த அறைக்கா, மெயின் போர்டுக்கா? எனக்குச் சொல்ல வேண்டாம். இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும்.