வெயில் பார்த்துத் தங்கப் படகு பார்க்க வந்தவர்

படுக்கையில் கிடக்கும் என் அண்ணனுக்கு ஒரு நாள் காலையில் யாரோ சவரம் செய்துவிட்டிருந்தார்கள். நான் பூசை முடிந்து வீடு திரும்பியபோது அவன் கன்னம் வழவழவென்று இருந்தது, காதோரம் வாசனைத் தண்ணீர் மணத்தது. செய்தவரோ, வாடகைக்கு விட்ட மூன்றாம் அறையில், ஒன்றும் அறியாதவர் போல, போர்வைக்குள் கிடந்தார். ஆண்டவர் அவரை ஆசீர்வதிக்கட்டும். இப்போது அவரைக் கேலி செய்யப் போகிறேன், என்னை மன்னிக்கட்டும்.

அவர் ஒரு ஆள் அல்ல, ஒரு இனம். வானிலை பார்க்கும் பயணி. பொகோட்டாவில் என்னைப் போல அறை வாடகைக்கு விடுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்த இனம் ஊர் பார்க்க வரும், வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

மூன்றாம் அறைக்காரர் தோன் நெமேசியோ, அதாவது நெமேசியோ ஐயா, கடற்கரைப் பக்கத்து முடிதிருத்துபவர். அவர் கடைச் சுவரில் எங்கள் ஊர் அருங்காட்சியகத்துத் தங்கப் படகின் படம் ஒன்று தொங்குகிறதாம். இருபது வருடமாக, நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவரும் அது எவ்வளவு பெரிது என்று கேட்க, இவரும் கத்தரிக்கோலைப் பிடித்தபடியே கையை விரித்துக் காட்ட, ஒரு வருடம் கட்டில் அளவு இருந்தது மறு வருடம் மாட்டுவண்டி அளவாகி, கடைசியில் ஒரு மீன்காரர் இவர் பார்த்ததே இல்லை என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சொல்லிவிட்டார். பார்த்துவிட்டு வந்து அளவு சொல்கிறேன் என்று சபதம் போட்டுப் பேருந்து ஏறியவர் இவர். சொல்லாமல் எப்படித் திரும்புவார்?

வியாழக்கிழமை மலை உச்சிக் கோயிலை மேகம் மூடியது; மழை வரும், இன்று அருங்காட்சியகம் வேண்டாம் என்றார். போகவில்லை. வெள்ளிக்கிழமை நல்ல வெயில். அதனாலேயே போகவில்லை, இந்த ஊரில் காலையில் காய்ந்தால் மத்தியானம் கொட்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். சனிக்கிழமை தூறல். தலை நனைந்தால் சளி, சளி வந்தால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் அந்நிய ஊரில் சாவு என்று, எங்கள் ஊர் வழக்கப்படி சூடான சாக்லேட்டில் பாலாடைக்கட்டியை முக்கிக்கொண்டே கணக்குப் போட்டார். அருங்காட்சியகத்துக்குக் கூரை இருக்கிறது என்றேன். போகிற வழிக்கு இல்லையே என்றார். குடை தருகிறேன் என்றேன். குடைக்குக் கீழே கால் இருக்கிறதே என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடைமழை. இரண்டு போர்வை.

திங்கட்கிழமை வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. நான் பூசையிலிருந்து வருவதற்குள் தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, குடையில்லாமல் கிளம்பிவிட்டார். அரை மணி நேரத்தில் முகம் தொங்கத் திரும்பி வந்தார். திங்கட்கிழமை அருங்காட்சியகம் திறப்பதில்லை. வாசல் காவலர் கேட்டாராம்: "நேத்து ஞாயித்துக்கிழமை, டிக்கெட்டே இல்லாம உள்ள விட்டோமே, எங்க போயிருந்தீங்க?"

மறுநாள் விடிகாலையிலேயே பேருந்து. கதவருகே நின்று மன்றாடினேன், சாயங்கால வண்டிக்குப் போகலாம், படகைப் பார்த்துவிட்டுப் போங்கள், மீன்காரர் சும்மா விடுவாரா என்று. அவர் மூக்கை உயர்த்திக் காற்றை மோந்தார். ஈரம் இருந்தது போலிருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தோன்யா எல்வீரா, நீங்க பாத்திருப்பீங்களே. எவ்வளவு பெருசு?"

நான் இருமினேன். அந்த அருங்காட்சியகத்துக்கு ஏழு தெரு தள்ளிப் பிறந்தவள் நான். ஐம்பத்திரண்டு வருடமாக இதே தெருவில்தான் இருக்கிறேன். இன்னும் போகவில்லை. ஒரு ஞாயிறு துணி துவைக்க வேண்டியிருக்கும், ஒரு ஞாயிறு முட்டி வலிக்கும். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஊரில் இருப்பதை நீங்கள் போய்ப் பார்த்தாகிவிட்டதா?

என் இருமலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. கோபம் இல்லை, தன் இனத்தாளைக் கண்டுகொண்டது போல முகம் மலர்ந்தார். என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"பரவால்ல தோன்யா. மழை இல்லாத நாளா பாத்து ஒரு நடை போயிட்டு வந்து, எவ்வளவு பெருசுன்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. அவசரமே இல்ல."