குடைக்குள் அறுபது நட்சத்திரம்

கொட்டகலை பஜாரில் பொருளை விற்காமல் இருப்பதற்காகவே கடை வைத்திருக்கும் ஒரே மனிதர் பட்டன் நானாதான். சட்டையைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பட்டன்கூடத் தரமாட்டார். கழுத்துப் பட்டன் கேட்டு வந்த பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவரைச் சட்டையைக் கழற்ற வைத்து, அடைமழையில் பனியனோடு உட்கார வைத்தவர்.

என் கோட்டுக்காக அவர் ஒரு டின்னைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. சிதறிக் கிடந்தது பட்டன் இல்லை, வானம்! அப்போது ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். எங்கேயும் இல்லாத ஒரு கிரகம். அங்கிருந்து ஒரு பெண் பக்கத்து நட்சத்திரங்கள் வழியாகத் தன் அக்காவைத் தேடி விண்கலத்தில் போகிறாள். எந்த நட்சத்திரம் எங்கே என்று தெரியாமல் கதை மூன்று மாதமாக நகரவில்லை.

“நானா, அறுபது பட்டன் வேணுங்க.”

“சட்டை எங்க?”

“சட்டைக்கு இல்லீங்க, நட்சத்திரத்துக்கு.”

“அப்ப நட்சத்திரத்தக் கொண்டாங்க தங்கச்சி. பாத்துட்டுத் தாரேன்.”

மறுநாள் ஒரு பழைய கறுப்புக் குடையும், எந்த நட்சத்திரம் எவ்வளவு தூரம் என்று நானே தீர்மானித்து எழுதிய பட்டியலுமாகப் போய் நின்றேன். குடையை விரித்து, உள்ளே நூல்களில் பட்டன்களைத் தொங்கவிட வேண்டும். ஒரு விரல் அகலம் ஓர் ஒளியாண்டு. அறுபதில் நாற்பத்தைந்து பொடிசு, மங்கல் சிவப்பு. நிஜ வானத்திலும் நமக்குப் பக்கத்தில் இருப்பவற்றில் முக்கால்வாசி அப்படித்தான், வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

நானாவுக்கு மனசு தாங்கவில்லை. “கண்ணுக்கே தெரியாததுக்கு எதுக்கு பட்டன்? தங்கக் கலர்ல நல்லது இருக்கு, பாருங்க.”

“இருக்கிறதத்தானே போடணும் நானா!”

குடையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். “நீங்க கட்டினா கோணிப்போகும். நான் கட்டித் தாரேன்.”

வெள்ளிக்கிழமை போனால், கடைக்குள் குடை கல்யாணப் பந்தலாகத் தொங்குகிறது! அறுபது நூலும் ஒரே நீளம், நாலு விரலுக்கு ஒரு பட்டன்.

“என்ன நானா, எல்லாம் சமமா இருக்கு?”

“பின்ன? கோணலாக் கட்டினா என் கடைக்கு யார் வருவா?”

“இப்ப மட்டும் யாரு வாராங்களாம்?”

விளக்கினேன். விண்கலம் எங்கும் நிற்காமல் ஏழு விரலுக்கு மேல் போகாது. எல்லாம் நாலு விரலென்றால் அவள் ஹட்டன் பஸ்ஸில் போவதுபோல் போய்விடுவாள், கதை எங்கே? என் பட்டியலில் அக்காவின் நட்சத்திரத்துக்கு முன்னால் பன்னிரண்டு விரல் வெற்றிடம்.

நானாவின் கை நின்றது. “அப்ப அந்தப் புள்ள?”

“போக முடியாதுங்க. கதை அங்கயே முடியுது.”

“அக்காக்காரி பாத்துக்கிட்டே இருப்பாளா?”

“ஆமாங்க.”

கத்தரிக்கோலை எடுத்து அறுபது நூலையும் வெட்டினார்.

அடுத்த வாரம் குடை வீட்டுக்கு வந்தது. விரல் வைத்து அளந்தேன். பட்டியலில் உள்ளபடி எல்லாம் சரி. ஆனால் அந்த வெற்றிடத்தின் நடுவில், இந்தப் பக்கம் ஆறு விரல், அந்தப் பக்கம் ஆறு விரல் விட்டு, ஒரு பொடிச் சிவப்புப் பட்டன். அறுபத்தொன்று!

கடைக்கு ஓடினேன். “நானா, இது பட்டியல்ல இல்லியே!”

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவில்லை. “கண்ணுக்குத் தெரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒங்களுக்கும் தெரியாம இருந்திருக்கும்.”

எந்த வானியல் புத்தகத்தைப் புரட்டினாலும் அதை மறுக்க வழியில்லை. கதையைத் திருத்திவிட்டேன்.

அடுத்து, அந்தச் சிவப்புப் பட்டனில் நின்று பார்த்தால் வானம் எப்படித் தெரியும் என்று வரையப்போகிறேன். அங்கே இறங்குபவள் இளைப்பாற ஒரு கடையும் வேண்டும். சட்டையைப் பார்க்காமல் எதையும் கொடுக்காத கடை.