மூணு குச்சியாரின் வண்டி

மூணு குச்சியாரின் குதிரை வண்டியைவிட மோசமான வண்டி சிங்கப்பூரில் இருந்திருந்தால், அதில் ஏறிய யாரும் உயிரோடு இறங்கியிருக்க மாட்டார்கள். சிராங்கூன் சாலையில் கிளம்பிக் கப்பல்துறை போய்ச் சேர்வதற்குள் மடியிலிருக்கும் வெற்றிலைப் பெட்டி தானே திறந்து, பாக்கும் சுண்ணாம்பும் தாமே கலந்துவிடும்.

யாராவது முனகினால் வண்டியை நிறுத்திவிடுவார். இருக்கைக்கு அடியிலிருந்து மூன்று குச்சிகளை எடுத்துக் கூடாரம்போலச் சேர்த்துப் பிடிப்பார்.

"அண்ணே, அந்தக் காலத்து ரோமாபுரியில இப்படி மூணு கம்பத்துல மனுசனைக் கட்டிவச்சு வதைப்பாங்க. அந்தக் கம்பத்தோட பேரு பிரெஞ்சுக்காரன் வாயில 'திராவாய்'னு மாறி, பாடுபடுறதுன்னு அர்த்தமாச்சு. அப்பல்லாம் ஊர்விட்டு ஊர் போறதே பெரும்பாடுதானே? அதனால வெள்ளைக்காரன் அதையே டிராவல்னுட்டான். மத்த வண்டியில சும்மா போறீங்க. என் வண்டியிலதான் டிராவல் பண்றீங்க!"

இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துத் தட்டுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். தெருவில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். நான் தொண்டையைச் செருமிப் படித்து முடிக்கும்வரை யாரும் மூச்சுவிட மாட்டார்கள். அப்படியிருக்க, பக்கத்து வீட்டு மீனாட்சி அக்கா ஒருநாள், "இரு தங்கச்சி, மூணு குச்சியாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்று கடிதத்தை மடித்துக்கொண்டார். என் அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

"அவருக்கு வேரோட தெரியுதுடி. நீ மேலோட்டமாத்தானே படிக்கிறே?"

அன்று நான் சாப்பிடவில்லை. நாலு தோசையோடு சரி.

மறுநாள் பள்ளியில் இருந்த பெரிய அகராதியை, அவரைப் பொய்யராக்கும் ஆவலோடு புரட்டினேன். பாவி மனிதர் சொன்னது அத்தனையும் இருந்தது. மூன்று கம்பம் உட்பட!

மாலையில் வண்டி நிற்கும் இடத்தில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னேன்: "அகராதியில பார்த்துட்டேன். அப்படி ஒண்ணுமே இல்ல."

அவர் சண்டைக்கு வருவார் என்று நான்கு பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவரோ கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தார்.

"புஸ்தகத்துல இல்லையா தங்கச்சி? அப்ப நான்தான் தப்பாக் கேட்டிருப்பேன். என் வண்டியில தினம் வந்த பாதிரியார் சொன்னது. எனக்கு என் பேரையே எழுதத் தெரியாதுலா."

அதன்பிறகு வண்டி ஓடியது, பேச்சு நின்றது. யாராவது முனகினால் "மன்னிச்சுக்குங்க" என்றார். குச்சிகள் லாயத்தில் ஈரத் துணியைத் தாங்கிக்கொண்டிருந்தன. கடிதங்கள் எல்லாம் என்னிடமே திரும்பி வந்தன. படிக்கும்போது தொண்டையைச் செருமத்தான் தோன்றவில்லை.

ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் அதே கூட்டத்தின் முன் போய் நின்றேன்.

"அகராதியில இருக்கு. அன்னைக்கே இருந்துச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

"அடிப்பாவி!" என்றார் மீனாட்சி அக்கா.

மூணு குச்சியார் கோபிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மூணு கம்பமுமா இருக்கு?"

"மூணும் இருக்கு, அண்ணே."

துணியை உதறிப் போட்டுவிட்டுக் குச்சிகளை எடுத்து வந்தார். அன்றோடு என் கடிதங்களில் பாதி அவர் பக்கம் போய்விட்டன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமலே அவர் பொருள் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.

சில வருஷங்கள் கழித்து அவர் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். இப்போது சாலையில் நல்ல வில் வைத்த வண்டிகள் ஓடுகின்றன. ஏறி உட்கார்ந்தால் எங்கும் வலிப்பதில்லை. சும்மா போய், சும்மா வந்துகொண்டிருக்கிறேன்.