பெண் பார்க்கப் போன ஹீலியம்

பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் வெற்றிலை பாக்கும் எடுத்துப் போவார்கள். கூடவே ஒரு கண்ணாடிக் குடுவையையும் தூக்கிக்கொண்டு போன ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். கொண்டுபோனதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அதைப் பற்றிப் பேசவும் செய்தேன்.

அறுபதுகளின் பிற்பாதி. சிதம்பரத்தில் பௌதிக ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். எலுமிச்சம்பழ அளவுள்ள கண்ணாடிக் குடுவைக்குள் ஹீலியம் வாயுவை நிரப்பி, வாயை உருக்கி மூடுவது என் வேலை. சாதாரண ஹீலியம் இல்லை, கிடைப்பதற்கரிய ஒரு ரகம். கூடவே ருபீடியம் என்ற உலோகம் ஒரு சொட்டு. பம்பாயில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இதன் மேல் விசேஷ விளக்கின் ஒளியைப் பாய்ச்சுவார்கள். உள்ளே தறிகெட்டுத் திரியும் அணுக்கருக்களில் பெரும்பாலானவை ஒரே திசையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அப்போது அவற்றின் மீது துகள்களை மோதவிட்டு, எது எந்தப் பக்கம் சிதறுகிறது என்று பார்ப்பார்கள். (அணுக்கருவையே அணிவகுக்க வைத்துவிட்டோம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜனங்களை வரிசையில் நிறுத்த இன்றுவரை எவனாலும் முடியவில்லை.)

இந்த வேலைக்கு உயிர்நாடி சுத்தம். குடுவையை அமிலத்தில் கழுவி, காற்றை உறிஞ்சியெடுத்தபடியே நாள்கணக்கில் சூடேற்ற வேண்டும். விரல் பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எல்லாம் பாழ். ஆகவே வடை தின்ற கையோடு வந்த சக மாணவர்களை லேப் வாசலிலேயே விரட்டியடிப்பேன். அந்த விஷயத்தில் நான் ஒரு சின்ன சர்வாதிகாரி.

பல குடுவைகள் விரிசல் விட்டன, சில கசிந்தன. கடைசியில் ஒன்று தேறியது. சொந்த ஊரான கடலூருக்கு வந்திருந்த பம்பாய் விஞ்ஞானி ஒருவர் ஞாயிறு மாலை திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறுகிறார், அவர் கையில் ஒப்படைக்க வேண்டும் என்றார் என் பேராசிரியர். "இது போச்சுன்னா பம்பாய்ல நமக்கு ஒதுக்கின நேரமும் போச்சு. புரியுதா?" என்று கேட்டார். புரிந்தது.

அதே ஞாயிறு, அதே ஊரில், ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள் அம்மா. ஒரே பஸ் பயணத்தில் விஞ்ஞானமும் சம்சாரமும் முடிந்துவிடும் என்று நானும் மகிழ்ந்தேன். பிஸ்கட் டின்னில் பஞ்சு அடைத்து, நடுவில் குடுவையைப் படுக்கவைத்து, வழியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு அம்மாவோடு போனேன்.

பெண்ணின் அப்பா மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். நிலக்கடலைக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர். பஜ்ஜி வந்தது. நான் டின்னை மடியைவிட்டு இறக்கவேயில்லை. அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தவர், உள்ளே என்ன என்று கேட்டுவிட்டார். திறந்து காட்டினேன். கதவோரம் நின்றிருந்த பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் தனலட்சுமி.

"உள்ள ஒண்ணுமே காணோமே. இதுக்கா இம்மாம் பஞ்சு?" என்றாள்.

அந்தக் கேள்விக்குச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆராய்ச்சி மாணவனின் ரோஷம் விடுமா? எழுந்து முற்றத்துக்குப் போனேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். குடுவையை இரண்டு விரலால் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டி, அணுக்கருவின் சுழற்சியைப் பற்றிச் சொற்பொழிவாற்றினேன். ஓரத்தில் வெள்ளியாய் மின்னுவதுதான் ருபீடியம், தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் என்றும் சொன்னேன். சொன்ன வாய் மூடவில்லை, குடுவை வழுக்கியது. இரண்டு விரலிலும் பஜ்ஜி எண்ணெய்.

கை கழுவ வைத்திருந்த பித்தளை அண்டாவின் விளிம்பில் மோதி, உடைந்து, தண்ணீருக்குள் போனது. டப்பென்று ஒரு சத்தம். செவ்வூதா நிறத்தில் ஒரு பளிச். தண்ணீர் எழும்பி மண்டிக்காரரின் சலவை வேட்டியை நனைத்தது. அம்மா தூணைக் கட்டிக்கொண்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து தனலட்சுமியின் சிரிப்புச் சத்தம். அடக்கப் பார்த்து, முடியாமல் பீறிட்ட சிரிப்பு.

என் படிப்பு, பேராசிரியரின் மானம், கல்யாணம் மூன்றும் அண்டாவுக்குள் கிடந்தன. கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கி டின்னில் போட்டேன். ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். மண்டிக்காரர் வேட்டியை மாற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.

பம்பாய்க்காரர் பிளாட்பாரத்தில் டின்னைத் திறந்தார். ஈரப் பஞ்சையும் சில்லுகளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குள் மண்டிக்காரர் முன்னால் வந்தார்.

"மாப்ள மேல தப்பு இல்லீங்க சார். எங்க மல்லாட்ட எண்ண கொஞ்சம் வழுக்கல் ஜாஸ்தி."

அவர் சொன்ன விளக்கம் எனக்குக் காதில் ஏறவில்லை. மாப்பிள்ளை என்றது மட்டும் ஏறியது. சம்பந்தம் உறுதியாகிவிட்டது என்பதை, பம்பாய் ஆராய்ச்சி நாசமான அதே நிமிஷத்தில், அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

பம்பாய்க்காரர் டின்னை மூடி என்னிடமே கொடுத்தார். "புதுசா ஒண்ணு செஞ்சு அனுப்பிட்டு அப்புறம் கல்யாணம் பண்ணிக்கச் சொல்லுங்க" என்று மண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார். பேராசிரியர் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார். நிச்சயமான முகூர்த்தம் தள்ளிப்போய், புதுக் குடுவை பம்பாய் போய்ச் சேர்ந்தது என்று தந்தி வந்த பிறகுதான் எனக்கு லீவே கிடைத்தது. தனலட்சுமி அதற்கு என்னை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த ஐப்பசியில் தலைதீபாவளிக்குக் கடலூர் போய் இறங்கினோம். வீட்டுப் பிள்ளைகளெல்லாம் வெடி வாங்கித் தரச் சொல்லி மாமனாரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை வாசலில் பார்த்துவிட்டுச் சொன்னதைத்தான் அந்தக் குடும்பம் இன்றும் ஒவ்வொரு தீபாவளிக்கும் என் முகத்துக்கு நேராகச் சொல்கிறது. இப்போது பேரன் முறை.

"வெடி இன்னாத்துக்குடா? அதான் மாப்ள வந்துட்டாரே."