நடுவால வந்த பந்து

அன்றைக்கு எனக்கிருந்தது ஒரே ஒரு வேலை. மாமாவிடம் போய், "உங்கட மகளைப் பொத்துவிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டா?" என்று கேட்பது.

பொத்துவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். மனைவி கல்முனையில், அவளுடைய வீட்டில். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். பெண்ணைக் கிளப்பிக்கொண்டு போகிறேன் என்று கேட்பவனை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் எனக்குத் தனியாக இருந்து பாணும் பருப்பும் தின்று அலுத்துவிட்டது. அவளைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

கேட்பதில் ஒரு சிக்கல். கலியாணம் முடித்து நாலு மாதம். அதுவரை நானும் மாமாவும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

நான் பக்கத்தில் நிற்கும்போதே அவர் மகளிடம் சொல்வார்: "புள்ள, மருமகனைச் சாப்பிடச் சொல்லு."

நானும் அவளிடமே சொல்வேன்: "பொறகு சாப்பிடுறன் எண்டு சொல்லு."

இதற்கு மரியாதை என்று பேர். எனக்கு அது பச்சைப் பயம். அவருக்கு அது என்னவென்று எனக்குத் தெரியாது.

மனைவியின் அண்ணன், மூத்த மச்சானிடம் யோசனை கேட்டேன். அறிவுள்ளவன் கேட்டிருக்கமாட்டான்.

மச்சான் குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தார். வந்திறங்கிய நாளிலிருந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. தொழும்போது மட்டும் கழற்றுவார், அதுவும் அரை மனதோடு.

"வாப்பாட்டச் சும்மா கேட்டா நடக்காது மச்சான். ஒரு ஆட்டத்தில அவர வெல்ல வைங்க. வெண்ட கையோட கேளுங்க. என்னத்தையும் தருவாரு."

"என்ன ஆட்டம்?"

குவைத்தில் அவர் வேலை செய்யும் இடத்தில் ஸ்பெயின் இஞ்சினியர்மார் ஆடுகிற ஆட்டமாம். பாடெல் என்று பேராம். டெனிஸ் மாதிரித்தான், ஆனால் சுற்றிவரச் சுவர் இருக்குமாம். தச்சனைப் பிடித்து நாலு பலகை மட்டையும் செய்வித்திருந்தார். நடுவில் துளை போட்ட மட்டை. பார்க்கத் தோசை திருப்புகிற தட்டகப்பை போல இருந்தது.

இடம், மாமாவின் அரிசி ஆலை. நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம், மூன்று பக்கமும் மதில். போகம் முடிந்து தளம் சும்மா கிடந்தது. குறுக்கே ஒரு பழைய மீன்வலையைக் கட்டினார் மச்சான். நாலாவது பக்கத்தில் வீடு. குசினி ஜன்னலில் மாமியும் என் மனைவியும்.

நானும் மாமாவும் ஒரு பக்கம். மறுபக்கம் மச்சானும், பக்கத்துச் சீமெந்துக் கடை ஹாஜியாரும். பள்ளிவாசலில் முன்வரிசையில் யார் முதலில் போய் நிற்பது என்று இருபது வருசமாக மாமாவும் ஹாஜியாரும் போட்டி. ஹாஜியார் ஆடுகிறார் என்று கேட்டதும் மாமா வேறொன்றும் கேட்கவில்லை. பின்னேரம் அசர் தொழுத கையோடு வந்துவிட்டார். சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, அகலப் பச்சை பெல்ட்டை இறுக்கி, தொப்பியோடு நின்றார். நான் கலியாணத்துக்குத் தைத்த மாப்பிள்ளைக் காற்சட்டையில் நின்றேன். என்னிடம் உருப்படியாக இருந்த காற்சட்டை அது ஒன்றுதான்.

மச்சான் வகுப்பெடுத்தார்.

"பந்தை ஒருதரம் நிலத்தில குத்தவிட்டு, இடுப்புக்குக் கீழால அடிச்சித் தொடங்கணும். நிலத்தில பட்டுப் பொறகு மதில்ல பட்டு வந்தாலும் அடிக்கலாம். ரெண்டாந்தரம் நிலத்தில பட்டாச் சரி, புள்ளி போச்சு. பத்துப் புள்ளி முந்தி எடுத்தவங்க வெற்றி."

எல்லோரும் தலையாட்டினோம்.

"முக்கியமானது கதைக்கிறது. நடுவால வாற பந்துக்கு ஒராள் 'எனக்கு' எண்டு கத்தணும். கத்தாட்டி ஆட்டம் இல்ல."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குக் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

முதல் பந்து சரியாக நடுவால் வந்தது. மாமா எனக்காக ஒதுங்கினார். நான் மாமாவுக்காக ஒதுங்கினேன். பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் போய் மதிலில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பவும் ஒதுங்கினோம்.

சஹன் என்கிற பெரிய தட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தால் நல்ல இறைச்சித் துண்டை மாமா என் பக்கம் தள்ளுவார், நான் அவர் பக்கம் தள்ளுவேன். கடைசியில் எங்களோடு உட்கார்ந்த வேறு யாராவது தின்றுவிட்டுப் போவார். இங்கே அந்த வேறு யாராவது ஹாஜியார்தான்.

"மாமனும் மருமகனும் பந்துக்கு ஸலாம் சொல்றாங்க" என்றார் ஹாஜியார், நன்றாகக் கேட்கும்படி.

மூன்று புள்ளி போனது. நாலு போனது. மாமாவின் காது சிவந்தது. அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"புள்ள, நடுவால வாறத மருமகனை அடிக்கச் சொல்லு."

"பந்த உங்கள அடிக்கச் சொல்றாங்க வாப்பா" என்றாள் மனைவி.

"வயசுக்கு மூத்தவங்க அவங்க. அவங்களே அடிக்கட்டும் எண்டு சொல்லு" என்றேன். என்ன புத்தி பாருங்கள்.

"நீங்களே அடிக்கட்டாம் வாப்பா."

இந்தச் செய்தி போய்ச் சேர்வதற்குள் இரண்டு பந்து போய்விட்டது. மாமி ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டார். பார்க்கச் சகிக்கவில்லை போலும்.

ஒன்பதுக்குப் பூச்சியம். அந்தப் பூச்சியத்தில் பாதி என்னுடையது.

இன்னும் ஒரு புள்ளி போனால் பொத்துவிலும் போச்சு. இனி மரியாதை கிரியாதை பார்ப்பதில்லை என்று முடிவெடுத்தேன். பந்து வந்தது. நடுவால்தான்.

"எனக்கு!" என்று நாலு மாதத்துக்கும் சேர்த்துக் கத்தினேன். கத்திக்கொண்டு பாய்ந்தேன்.

மாமாவும் அதே நேரத்தில் அதே முடிவை எடுத்திருந்தார்.

மோதிய வேகத்தில் நான் சீமெந்தில் விழுந்தேன். மாமா வலையில் விழுந்தார். பெல்ட்டின் கொக்கி வலையில் மாட்டி, அவர் உதற உதற வலை அவரைச் சுற்றியது. ஹாஜியார் மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மச்சான் தொழுகைக்கு இல்லாமல் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி, நன்றாகப் பார்த்தார்.

வலைக்குள் இருந்தபடி மாமா என்னை நேரே பார்த்தார்.

"நாலு மாசமா வாய் துறக்கல்ல. துறக்கிறதுக்கு இந்த நேரம்தானா கிடைச்சது உங்களுக்கு?"

கொஞ்சம் மூளை உள்ளவன் வலையை அவிழ்த்திருப்பான். நானோ, நேரே கதைத்துவிட்டாரே, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன்.

"மாமா, உங்கட மகளைப் பொத்துவிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டா?"

ஹாஜியாரின் சிரிப்பு நின்றது. மாமா கொக்கியோடு மல்லுக்கட்டுவதை விட்டார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"புள்ள, நீ போறியா?"

மனைவி கொஞ்சம் யோசித்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் வாடகைக்கு வீடும் பிடித்து, பாய் தலையணையும் வாங்கிவிட்டேன்.

"பந்து வந்ததுக்கே 'நீங்க அடிங்க'ண்டு ஒதுங்கின மனிசன் வாப்பா. பொத்துவில் வீட்டு முற்றத்துக்கே யானை வாற ஊரு. அங்க ஆர முன்னுக்கு விடுவாரு?"

மறுநாள் காலை பொத்துவில் பஸ்ஸில் அதிசயமாக இரண்டு சீட் காலியாக இருந்தது. எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது.